இரும்புக் குதிரையும் நான்காண்டுக் கணக்கும்

கீழ்பென்னாத்தூர் பள்ளி மைதானத்தில் அதிகாலை ஐந்து மணிக்கே காலடி ஓசை கேட்கத் தொடங்கிவிடும். மேற்கே அண்ணாமலையின் உருவம் இருளிலிருந்து பிரிந்து தெரிவதற்கு முன்பே இருபது, இருபத்தைந்து இளைஞர்கள் ஓட ஆரம்பித்திருப்பார்கள். சிலர் காவல் துறைத் தேர்வுக்காக. பலர் ராணுவத் தேர்வுக்காக. கவசப் படையில் 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், கையில் கடிகாரத்துடன் நானும் அங்கே நிற்பது வழக்கம். 1.6 கி.மீ. தொலைவை ஐந்து நிமிஷம் முப்பது விநாடிக்குள் ஓடி முடித்தால் ஓட்டத்துக்குரிய முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அந்த முப்பது விநாடிக்காகத்தான் இத்தனை வியர்வை.

அண்மையில் ஓர் இளைஞன் மூச்சு வாங்க வந்து நின்று, 'ஐயா, டாங்கி ஓட்டணும்னா எதுல சேரணும்?' என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் வேறு ஒரு கேள்வியும் காத்திருந்தது. முன்பு என்னிடம் பயிற்சி பெற்றுப் படையில் சேர்ந்த ஒருவனின் தாய், சந்தையில் என்னைக் கண்டதும் கேட்டது அது: 'நாலு வருஷத்துல திருப்பி அனுப்பிட்டா, என் பையன் அந்த வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது எதுக்குண்ணா உதவும்?'

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு டாங்கி வீரன் எப்படி உருவாகிறான், அவனுடைய வாழ்க்கைப் பாதை எங்கே செல்கிறது என்பது விளங்கும்.

கவசப் படை என்பது நம் மண்ணுக்கு அந்நியமானதல்ல. கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே சென்றால் செஞ்சிக் கோட்டை. ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துக் குதிரையேறிச் சென்று 1714-இல் களத்தில் வீழ்ந்த தேசிங்கு ராஜனின் கதையைக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது. அதே ஆர்க்காட்டு நவாபின் பணியில் 1776-இல் திரட்டப்பட்ட குதிரைப்படை ஒன்றுதான் பின்னாளில் இந்திய ராணுவத்தின் 16-ஆவது இலகு குதிரைப்படை ஆயிற்று. தென்னிந்திய வீரர்களைக் கொண்ட அந்தப் படைப்பிரிவு, இந்தியாவின் மிகப் பழைமையான கவசப் படைப்பிரிவுகளுள் ஒன்று. 1938 மே 1-ஆம் தேதி சிந்து குதிரைப்படை தன் குதிரைகளை விட்டுக் கவச வாகனங்களுக்கு மாறியது. அந்த நாளே இன்றும் கவசப் படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

குதிரை போனாலும் குதிரைப்படையின் பெயர்கள் போகவில்லை. காலாட்படையில் சிப்பாய் எனப்படுபவர், கவசப் படையில் 'சவார்'. நாம் சொல்லும் 'குதிரைச் சவாரி'யின் உறவுச் சொல் அது. அங்கே ஹவில்தார் என்றால் இங்கே 'தஃபேதார்'. மாவட்ட ஆட்சியருக்கு முன்னால் சிவப்புப் பட்டை அணிந்து நடக்கும் தபேதாரை நாம் அறிவோம். அந்தப் பதவிப் பெயரும் குதிரைப்படை விட்டுச் சென்றதுதான். அதற்கு மேல் நாயப் ரிசால்தார், ரிசால்தார், ரிசால்தார் மேஜர். ஒரு சவார் ஏறக்கூடிய படிகள் இவை.

சரி, டாங்கிக்குள் யார் இருக்கிறார்கள்? ரஷிய வடிவமைப்பில் உருவான டி-72, டி-90 ஆகியவற்றில் மூன்று பேர். நம் நாட்டு அர்ஜுன் டாங்கியில் நான்கு பேர். முன்புறம் தாழ்வாக அமர்ந்திருப்பவர் ஓட்டுநர். மேலே சுழலும் கோபுரத்தில் பீரங்கியைக் குறிவைத்துச் சுடுபவர் ஒருவர். அவரை 'கன்னர்' என்போம். அவருக்கு அருகே அமர்ந்து, எதை, எப்போது, எங்கிருந்து சுடுவது என்று முடிவெடுப்பவர் கமாண்டர். நான்காமவர் குண்டு நிரப்புபவர். டி-72, டி-90 டாங்கிகளில் அந்த வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. அதனால் ஆள் ஒருவர் குறைகிறார். ஆனால், இரவுக் காவல், பராமரிப்பு, அறுந்த சங்கிலிப் பட்டையைக் கழற்றி மாட்டுதல் ஆகிய உடலுழைப்பைப் பகிர்ந்துகொள்ள இரண்டு கைகளும் குறைந்துவிடுகின்றன.

இவர்கள் உருவாகும் இடம் மகாராஷ்டிர மாநிலம் அகமதுநகர். 2024-இல் அகில்யாநகர் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ஊரில்தான் கவசப் படை மையமும் பள்ளியும் அமைந்துள்ளன. முதலில் எல்லாப் படைவீரரையும்போல அணிவகுப்பு, துப்பாக்கி, உடற்பயிற்சி. அதன் பிறகு தொழில் பிரியும். ஓட்டுநராகவோ, கன்னராகவோ, வானொலிக் கருவியை இயக்குபவராகவோ ஒருவருக்குத் துறை ஒதுக்கப்படும். வகுப்பறையில் வெட்டித் திறந்து வைத்த என்ஜின், சிமுலேட்டர் எனப்படும் மாதிரிக் கருவி, பிறகு உண்மையான வண்டி என்று பயிற்சி படிப்படியாக நகரும்.

டாங்கி ஓட்டுவது எப்படி என்று மைதானத்து இளைஞர்கள் கேட்டால், நான் டிராக்டரைக் காட்டித்தான் விளக்குவேன். வயலின் மூலையில் டிராக்டரைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்துச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மிதிப்போம். அந்தச் சக்கரம் நிற்க, மற்றது சுற்றிவரும். டி-72 திரும்புவதும் ஏறத்தாழ அப்படித்தான். அதில் வளையம் கிடையாது; இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள். இடப்பக்கத்தை இழுத்தால் இடச் சங்கிலியின் வேகம் குறையும். வண்டி இடம் திரும்பும். கிராமத்துப் பையன்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். கடினம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். மேல்மூடியை மூடிக்கொண்டு, ஒரு கண்ணாடிப் பட்டை வழியே மட்டும் உலகைப் பார்த்து, நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பை இரவில், புழுதியில், விளக்கில்லாமல் ஓட்ட வேண்டும். எந்த மண் தாங்கும், எந்த மண் விழுங்கும் என்பதைப் பாடநூல் சொல்லித் தராது.

கன்னரின் வேலை வேறு வகையானது. இன்றைய டாங்கியில் தொலைவை லேசர் அளந்து தரும். கணினி கோணத்தைக் கணக்கிடும். வண்டி குலுங்கினாலும் பீரங்கி இலக்கை விட்டு விலகாமல் ஒரு நிலைப்படுத்தி காக்கும். கவசத்தைத் துளைக்கும் அம்பு போன்ற குண்டு விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பாயும். இவ்வளவு இருந்தும், திரையில் தெரியும் மங்கிய வெப்ப உருவம் பகையா, நட்பா, வெறும் புதரா என்று அறிவது மனிதக் கண்தான்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 1979-இல் பதினெட்டு வயதில் அகமதுநகருக்கு ரயிலேறினேன். ஒரு சொல் ஹிந்தி தெரியாது. கட்டளை புரியாமல், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திரும்பிய நாள்கள் பல. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு, ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியில் குண்டு நிரப்புபவனாகச் சேர்ந்தேன். இருபது கிலோவை நெருங்கும் குண்டைத் தூக்கி, பீரங்கியின் பின்வாயில் செலுத்தி, கையை எடுத்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். அதைப் பிழையின்றிச் செய்யவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. கூடவே வானொலியையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் கன்னர் இருக்கை கிடைத்தது. பாலைவனச் சுடுதளத்தில், நண்பகலில், என் முதல் மூன்று குண்டுகளும் இலக்கைத் தாண்டி விழுந்தன. கருவியில் குறையில்லை, கணக்கிலும் தவறில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்தைச் சேர்ந்த தஃபேதார் ஒருவர் எனக்குக் கமாண்டர். அவர் திட்டவில்லை. 'தம்பி, கானல் இலக்கோட அடியை முழுங்கிடும். உனக்குத் தெரியறது மேல்பாதிதான். அதையே முழுசுன்னு நெனச்சு நடுவுல குறி வைக்கிற' என்றார். அதற்கடுத்த ஆண்டு, அதே தளத்தில், அதே நண்பகலில் முதல் குண்டிலேயே இலக்கு விழுந்தது. அப்போது நான் படையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் நிறைந்திருந்தன. என்னை ஒரு கன்னர் என்று நானே நம்பத் தொடங்கியது அன்றுதான்.

இது ஏதோ ஒரு தனிமனிதனின் மந்தம் என்று யாரும் கருதிவிட வேண்டாம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தருகே நடந்த டாங்கிப் போரை எண்ணிப் பாருங்கள். பாகிஸ்தானிடம் இருந்தவை, அன்றைய நவீன அமெரிக்கத் தயாரிப்பான பாட்டன் டாங்கிகள். நம்மிடம் இருந்தவை செஞ்சூரியன்களும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன்களும், இலகுவான ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளும். வயல்களில் நீர் பாய்ச்சி நிலத்தைச் சேறாக்கியதும், கரும்புத் தோட்டங்களுக்குள் காத்திருந்து சுட்டதும், ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியால் டாங்கிகளைத் தகர்த்துப் பரமவீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதின் வீரமும் அந்த வெற்றிக்குக் காரணங்கள். ராணுவ ஆய்வாளர்கள் சுட்டும் மற்றொரு காரணமும் உண்டு. பாட்டனின் சிக்கலான குறிபார்க்கும் கருவிகளைக் கையாளும் அளவுக்கு அதன் வீரர்கள் பழகியிருக்கவில்லை. தங்கள் எளிய கருவிகளை நம் வீரர்கள் முழுமையாக அறிந்திருந்தனர். கைப்பற்றிய டாங்கிகளை நிறுத்தி வைத்த இடத்துக்குப் 'பாட்டன் நகர்' என்றே பெயர் வந்தது.

போரில் மட்டுமல்ல, அமைதிக் காலத்திலும் இந்தத் தொழில் உயிரைக் கேட்கும். 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் பபீனா சுடுதளத்தில் டி-90 டாங்கியின் பீரங்கிக் குழாய் வெடித்து இருவர் இறந்தனர். 2024 ஜூன் 28-ஆம் தேதி லடாக்கில், பயிற்சியின்போது ஷியோக் ஆற்றைக் கடந்த டி-72 டாங்கி திடீர் வெள்ளத்தில் சிக்கி ஐந்து வீரர்கள் உயிரிழந்தனர். விபத்தை அனுபவம் முற்றிலும் தடுத்துவிடும் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால், ஆற்றின் ஓசை மாறுவதையும், என்ஜினின் குரல் மாறுவதையும் ஒரு நொடி முன்னதாகக் கேட்கும் காது பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வாய்க்கிறது.

முன்பிருந்த வாழ்க்கைப் பாதை இந்த உண்மையை ஒட்டியே அமைந்திருந்தது. சவாராகச் சேர்பவர், தம் தொழிலில் படிப்படியாகத் தேர்வு எழுதித் தரம் உயர்வார். ஓட்டுநர் கன்னர் வேலையையும், கன்னர் ஓட்டுநர் வேலையையும் கற்றுக்கொள்வார். களத்தில் ஒருவர் காயமுற்றால் மற்றவர் இடத்தை நிரப்ப வேண்டும் அல்லவா? அதன் பிறகே கமாண்டர் இருக்கை. சிறப்பாகச் செய்பவர்கள் மீண்டும் அகமதுநகர் சென்று பயிற்றுநர் வகுப்பு முடித்து, தம் படைப்பிரிவில் புதியவர்களுக்குக் கற்பிப்பார்கள். பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் 8, 16, 24 ஆண்டுகளில் ஊதிய நிலை உயரும். 15 ஆண்டுகள் முடித்தால் ஓய்வூதியம். படித்து முன்னேற விரும்பும் இளம் வீரர்கள் தேர்வெழுதி, டேராடூனில் உள்ள ராணுவ கேடட் கல்லூரி வழியாக அதிகாரியாகவும் ஆகலாம். சவாராகச் சேர்ந்து, டாங்கி முழுவதையும் அறிந்து, ரிசால்தாராக நான் ஓய்வு பெற்றபோது, எனக்குப் பின்னால் நான் பயிற்றுவித்த ஒரு தலைமுறை இருந்தது. கானலைப் பற்றி அந்தத் தஃபேதார் எனக்குச் சொன்னதை, நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

2022 ஜூன் 14-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்தப் பாதையின் அடிவாரத்தை மாற்றிவிட்டது. இப்போது ஜவானாகச் சேரும் எவரும் நான்கு ஆண்டுகளுக்கு அக்னிவீரராகவே சேர்கிறார். அவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். முதல் ஆண்டில் மாதம் ரூ.30,000-இல் தொடங்கி நான்காம் ஆண்டில் ரூ.40,000 வரை ஊதியம். அதில் 30 சதவீதம் சேவை நிதிக்குப் பிடிக்கப்படும். அதே அளவு தொகையை அரசும் செலுத்தும். வெளியேறும்போது வட்டியுடன் ஏறத்தாழ ரூ.11.71 லட்சம் கிடைக்கும் என்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்டது. ரூ.48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. ஓய்வூதியமோ, முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ கிடையாது.

இந்தத் திட்டத்தில் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. டாங்கியின் உட்புறம் இளமைக்கே உரிய இடம். கோடையில் அதற்குள் அமர்ந்தவர்களுக்கு அந்த வெப்பம் தெரியும். படையின் சராசரி வயது குறைய வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. இருபத்தோரு, இருபத்திரண்டு வயதில் கையில் பத்து லட்சத்துக்கு மேல் பணத்துடன் ஊர் திரும்பும் இளைஞனுக்கு, கடலை விளைச்சலை நம்பியிருக்கும் நம் வட்டாரத்தில் அது பெரிய முதல். ஒழுங்கும் உடல் உறுதியும் அவனோடு வரும்.

ஆனால், கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகள் என்பது 48 மாதங்கள். அதில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் தொடக்கப் பயிற்சி. ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு என்றால் நான்கு மாதங்கள். எஞ்சுவது 37 மாதங்கள். அதாவது மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளிலும் காவல், அணிவகுப்பு, முகாம் வேலைகள் போகத்தான் டாங்கி. ஒரு கன்னர் முதிரும் நேரத்தில், நால்வரில் மூவர் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கிறது.

நான்கு டி-72 டாங்கிகளுக்கு 12 பேர் வேண்டும். ஒரே ஆண்டில் சேர்ந்த 12 அக்னிவீரர்கள் அவற்றில் பழகுகிறார்கள் என்று கொள்வோம். நான்காம் ஆண்டு முடிவில் அவர்களில் நிலைப்பவர் மூவர். ஒரே ஒரு டாங்கிக்குப் போதும். இன்று இது பெரிதாகத் தெரியாது. ஏனெனில், பழைய முறையில் சேர்ந்த தஃபேதார்களும் ரிசால்தார்களும் இன்னும் படையில் இருக்கிறார்கள். கமாண்டர் இருக்கைகளில் அமர்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஓய்வு பெறும் காலத்தில், நிலைத்து நின்ற அந்தக் கால்வாசிப் பேரிலிருந்தே கமாண்டர்களையும் பயிற்றுநர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிவுக்குரிய வட்டம் சுருங்கிவிடும்.

குறுகிய காலப் பணியை வைத்துக்கொண்டு வலுவான கவசப் படையை நடத்தும் நாடுகளும் உள்ளனவே என்று கேட்கலாம். இஸ்ரேலை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே கட்டாயப் பணிக்கு வரும் இளைஞர்கள்தான் மெர்கவா டாங்கிகளை இயக்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால், பணிக்காலம் முடிந்ததும் அந்நாடு அவர்களைக் கைவிட்டுவிடுவதில்லை. பல ஆண்டுகளுக்கு அவர்கள் சேமப் படையினராகத் தொடர்கிறார்கள். அழைத்துப் பயிற்சி அளிக்கிறார்கள். போர் வந்தால் வீட்டிலிருந்து டாங்கிக்கே திரும்புகிறார்கள். கற்ற தொழில் வீணாவதில்லை. வெளியேறும் முக்கால்வாசிப் பேரை இப்படி மீண்டும் அழைத்துப் பழக்கும் ஏற்பாடு, அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் இடம்பெறவில்லை. குறுகிய காலப் பணியை எடுத்துக்கொண்ட நாம், அதற்குத் துணை நிற்கும் சேமப் படையை எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் பணக் கணக்கும் உண்டு. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்.கே.-1ஏ டாங்கிகளுக்கு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிடம் ரூ.7,523 கோடி மதிப்பில் ஆணை வழங்கப்பட்டது. ஒரு டாங்கிக்குச் சராசரியாக ஏறத்தாழ ரூ.64 கோடி. அவ்வளவு விலை கொடுத்துச் செய்யும் வண்டியின் உண்மையான ஆற்றல், அதற்குள் அமரும் நால்வரின் தேர்ச்சிதான். வண்டிக்கு ஒப்பந்தம் போட்டு நாள் குறித்து வாங்கிவிடலாம். தேர்ந்த நால்வரை அப்படி வாங்க முடியாது. வளர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? முதலாவது, 25 சதவீதம் என்ற ஒரே அளவுகோலை எல்லாத் துறைகளுக்கும் பொருத்தாமல், தொழிலுக்கு ஏற்ப வகுக்க வேண்டும். டாங்கி ஓட்டுநர், கன்னர் போன்று பயிற்சி நீளும் பணிகளில் நிலைநிறுத்தும் விகிதம் உயர வேண்டும். பாதிப் பேராவது நிலைத்தால்தான் கமாண்டர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் பஞ்சம் வராது என்பது என் கருத்து. இரண்டாவது, வெளியேறுபவர்களில் விருப்பமுள்ளோரைச் சேமப் பட்டியலில் வைத்து, ஆண்டுக்குச் சில வாரங்கள் ஊதியத்துடன் அழைத்துப் பயிற்சி தர வேண்டும்.

மூன்றாவது, தமிழகம் செய்ய வேண்டியது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு 2022-இல் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால், டாங்கி என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனைக் கையில் துப்பாக்கி கொடுத்துக் காவலுக்கு நிறுத்துவது மட்டுமே வழி என்பது சரியல்ல. இந்தியாவின் டாங்கிகள் பிறக்கும் இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, டாங்கிகளை வடிவமைக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் உள்ளன. 2021 அக்டோபரில் உருவான கவச வாகனப் பொதுத் துறை நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான். சென்னை, ஒசூர், சேலம், கோவை, திருச்சி ஆகியவற்றை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுகள் டாங்கிக்குள் வாழ்ந்தவனைவிட, ஒரு டாங்கியைச் சோதித்துப் பார்க்கவும், அதன் குறையைச் சொல்லவும் தகுதியானவன் யார்? வெளியேறும் கவசப் படை அக்னிவீரர்களுக்கு இத்தொழிற்சாலைகளில் தொழில் பழகுநர் இடங்களை ஒதுக்கலாம். டீசல் என்ஜின், ஹைட்ராலிக் அமைப்பு, தொலைத்தொடர்புக் கருவி ஆகியவற்றில் அவர்கள் பெற்ற பயிற்சியை நம் ஐ.டி.ஐ.க்கள் மதிப்பிட்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம். இதற்குத் தேவைப்படுவது சில துறைகளுக்கு இடையே ஒரு கடிதப் போக்குவரத்தும் ஓர் அரசாணையும்தான்.

இனி, மைதானத்தில் கேட்ட இளைஞனுக்குச் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். டாங்கிப் படைக்கென்று தனியாக விண்ணப்பம் கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்தினர் சென்னை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகவே அக்னிவீரராகச் சேர வேண்டும். முதலில் கணினிவழி நுழைவுத் தேர்வு. 2025 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். அதில் தேறினால் உடல்தகுதித் தேர்வு. எந்தப் படைக்கு அனுப்புவது என்பதை ராணுவம் முடிவு செய்யும். எல்லாப் படைகளுக்கும் ஆள் தருவது பொதுப் பணிப் பிரிவு. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால், பத்தோடு நிற்காதே, பன்னிரண்டாம் வகுப்பை இயற்பியல், கணிதத்துடன் முடி என்றேன். டீசல் மெக்கானிக் போன்ற ஐ.டி.ஐ. படிப்பு இருந்தால் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. நான்காண்டுக்குப் பிறகு ஊன்றுகோலும் அதுவே. கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஹிந்தியை முன்கூட்டியே பழகிக்கொள். நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம். சேர்ந்த முதல் நாளிலிருந்தே, கற்பவை அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவை. பணிக்காலத்திலேயே பட்டப்படிப்பை முடிக்க இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கென வழி செய்துள்ளது, அதை விட்டுவிடாதே. நிலைப்போம் என்ற உறுதியோடு உழை. திரும்ப நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்பாதபடி உழை.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மீண்டும் ஓடப் போய்விட்டான். அந்தத் தாயின் கேள்விதான் என்னோடு நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணி அக்னிவீரர்களின் நான்காண்டுகள் 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலுமாக நிறைவடைகின்றன. அவருடைய மகனும் அந்த அணியில் ஒருவன். டி-72 ஓட்டுநர். விடுப்பில் வந்தபோது, இப்போதெல்லாம் என்ஜின் ஓசையைக் கேட்டே அதன் கோளாற்றைச் சொல்லிவிட முடிகிறது என்று என்னிடம் பெருமையோடு சொன்னான். நான்காம் ஆண்டில் எனக்கு வாய்த்தது அவனுக்கும் வாய்த்திருக்கிறது.

அன்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால், கானல் விழுங்கும் இலக்கின் அடிப்பாதியைப் பற்றி எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்ல நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். அந்த மகன் படையில் நிலைத்தாலும் சரி, ஊர் திரும்பினாலும் சரி, அவன் காதில் பதிந்திருக்கும் அந்த என்ஜின் ஓசை நாடு செலவிட்டு வளர்த்த செல்வம். அதைக் காத்துப் பயன்படுத்தும் பொறுப்பு ராணுவத்துக்கும் உண்டு. ஆவடியைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் தமிழகத்துக்கும் உண்டு.

கட்டுரையாளர்: ரிசால்தார் (ஓய்வு), கவசப் படை.